கூட்டினால் கேட்காது

சபைக் கமிட்டியில் ஒலிபெருக்கி பற்றிப் பேச்சு எழுந்தால் அது ஒரே திசையில்தான் போகும். "பின்னால கேக்கல." "பாக்ஸ் பத்தல." "அந்தச் சபையில போய்ப் பாருங்க, நெஞ்சு அதிருது." அடுத்த மாதம் இரண்டு புது ஸ்பீக்கர் வந்து இறங்கும். மறைந்த யாரோ ஒருவரின் நினைவாக என்று அதன்மேல் பெயரும் எழுதப்படும். ஆறு மாதம் கழித்து அதே கமிட்டியில் அதே ஆள் எழுந்து நின்று, "பின்னால கேக்கல" என்பார்.

இந்தச் சுற்றுக்கு அடியில் ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. ஆராதனையில் ஒலி கூடினால் மற்றதெல்லாம் கூடும் என்பது அது. கேட்பது கூடும், ஜனம் பாடுவது கூடும், அனல் கூடும், வாலிபர் வருகையும் கூடும். சிஎஸ்ஐ, கத்தோலிக்கம், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்ற பேதம் இதற்குக் கிடையாது. ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா என்பதில்கூட உடன்பாடு காணாத நம் சபைகள் வால்யூம் விஷயத்தில் மட்டும் பூரண ஐக்கியத்தில் இருக்கின்றன. இந்த நம்பிக்கை எதையெல்லாம் தருவதாகச் சொல்கிறதோ, அதையெல்லாம் அதுவே பறிக்கிறது என்பதுதான் என் வழக்கு.

பின்வரிசைக்காரரிடமிருந்தே தொடங்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தன் குறையை அவரால் சரியாகச் சொல்லவும் முடியவில்லை. ஒலி அவருக்குத் தாராளமாக வந்து சேர்கிறது. அதிலிருந்து சொல்லைப் பிரித்தெடுக்கத்தான் முடியவில்லை. கேட்காதது வேறு, புரியாதது வேறு. வால்யூம் முதலாவதைத் தீர்க்கும்; இரண்டாவதைத் தொடவும் தொடாது.

நம் ஆலயங்களின் உள்ளே ஒருமுறை அண்ணாந்தும் குனிந்தும் பாருங்கள். சிமென்ட் பூசிய சுவர், கிரானைட் தரை, கான்கிரீட் தளம் அல்லது தகரக் கூரை, கண்ணாடி ஜன்னல். இவற்றில் எதுவும் ஒலியை உறிஞ்சாது, பட்டதைத் திருப்பி எறியும். போதகர் சொன்ன ஓர் அசை ஸ்பீக்கரிலிருந்து நேராக ஒருமுறை காதுக்கு வருகிறது. பிறகு பின்சுவர், பக்கச்சுவர், கூரை, தரை என்று முட்டி முட்டிப் பல முறை வருகிறது. முதல் அசையின் முழக்கம் அடங்குவதற்குள் நாலாவது, ஐந்தாவது அசைகள் அதன்மேல் வந்து விழுகின்றன.

இந்தப் புகார் புதிதும் அல்ல. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியக விரிவுரை அரங்கில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அந்தத் தலைவலியைக் கொடுத்தார்கள். அவர் பேராசிரியர்களை உரக்கப் பேசச் சொல்லவில்லை. சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி முற்றும் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கத்தின் நீளம் குறைந்தது. அறையின் கனஅளவு பெரிதானால் முழக்கம் நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் சுருங்கும் என்ற அவருடைய சூத்திரத்தைத்தான் இன்றும் கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சூத்திரத்தில் வால்யூமுக்கு இடமே கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்கு விளக்கம் எளியது. ஸ்பீக்கரிலிருந்து குறிப்பிட்ட தூரம்வரை நேரடி ஒலி மேலோங்கி நிற்கும். அதைத் தாண்டினால் அறையின் முழக்கம் மேலோங்கும். நம் பின்வரிசைக்காரர் அந்த எல்லைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார். வால்யூமைத் திருகினால் நேரடி ஒலியும் முழக்கமும் ஒரே அளவில் ஏறுகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் இம்மியும் மாறுவதில்லை. முன்பு மெல்லப் புரியாமல் இருந்தது, இப்போது உரக்கப் புரியாமல் இருக்கிறது. கிடைத்த பலன் அவ்வளவுதான்.

வாட் கணக்கில் நமக்கு இருக்கும் மயக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 500 வாட் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி 1000 வாட் வைத்தால் கிடைப்பது 3 டெசிபெல். கூர்ந்து கேட்பவருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு போலத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதற்கு 10 மடங்கு ஆற்றல், அதாவது 5000 வாட். இதே பணத்தில் பின்சுவருக்குக் கனமான திரையும் ஒலி உறிஞ்சும் பலகையும் வாங்கி மாட்டலாம். ஆனால் திரையில் பெயர் எழுதிக்கொடுக்க யாரும் முன்வருவதில்லை.

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். பழைய ஆலயங்களில் ஓட்டுக்கூரையும் மர உத்திரமும் இருந்தன. ஜனங்கள் தரையில் பாய் விரித்து நெருக்கமாக உட்கார்ந்தார்கள். பாயும் உறிஞ்சியது, ஆட்களும் உறிஞ்சினார்கள். பழைய பிரசங்க பீடங்கள் பலவற்றின் தலைக்கு மேல் மரத்தில் ஒரு குடை இருக்கும். அதை அலங்காரம் என்று நினைத்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம். பிரசங்கியாரின் குரல் மேலே கூரைக்குப் போய்த் தொலையாமல் ஜனங்கள் பக்கம் திருப்பிவிடுவதற்காகத் தச்சன் செய்து வைத்த கருவி அது. லண்டனில் 1861இல் திறக்கப்பட்ட மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிளில் சுமார் 6000 பேர் கூடினார்கள். ஸ்பர்ஜன் ஏறத்தாழ 30 ஆண்டு அங்கே மைக் இல்லாமல் பிரசங்கித்தார். எல்லோருக்கும் ஸ்பர்ஜன் தொண்டை வாய்க்காது என்பது உண்மை. அதனால் மைக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மைக் வந்த பிறகு கட்டடத்தைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டோம் என்கிறேன்.

பின்வரிசைக்கு உண்மையிலேயே உதவ வேண்டுமானால் அவருக்குப் பக்கத்தில் சிறிய 'காலம்' (தூண் வடிவ) ஸ்பீக்கர் ஒன்றைச் சுவரில் மாட்டி, அதை மெல்ல ஒலிக்கவிட வேண்டும். எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்த நாளை நெகேமியா 8ஆம் அதிகாரம் விவரிக்கிறது. எஸ்றா மரத்தால் செய்த உயர்ந்த பீடத்தில் நிற்கிறார். லேவியர் பலர் ஜனங்களுக்குப் பொருளை எடுத்துச் சொல்கிறார்கள். முன்னால் இருக்கும் ஒரு வாயைப் பெரிதாக்குவதைவிட, ஜனத்தின் நடுவே பல சிறிய வாய்களை நிறுத்துவது நல்லது என்று நான் அதை வாசிக்கிறேன். இறையியலாளர்கள் மன்னிக்கட்டும்.

அப்படிப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்த சபைகளிலும் குழப்பம் தீராததற்கு ஒரு காரணம் உண்டு. ஆலயம் 30 மீட்டர் நீளம் என்றால் முன்பக்க ஸ்பீக்கரின் ஒலி பின்வரிசைக்குப் போய்ச்சேரச் சுமார் 87 மில்லி விநாடி ஆகும். ஆனால் பக்கத்துச் சுவர் ஸ்பீக்கருக்குக் கேபிள் வழியாக அது உடனே வந்துவிடுகிறது. ஆகவே அவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழுகிறது. இடைவெளி சுமார் 30 மில்லி விநாடிக்குள் இருந்தால் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும், தாண்டினால் எதிரொலியாகப் பிரித்துவிடும். பின் ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தும் 'டிலே' வசதி டிஜிட்டல் மிக்சர்களில் சாதாரணமாகவே இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காத சபைகள்தான் அதிகம் என்பது என் ஊகம்.

மைக்கிலும் இதே கதைதான். வாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 6 டெசிபெல் செலவில்லாமல் கிடைக்கிறது. பீடத்தில் ஒன்று, வாசிப்பு மேசையில் ஒன்று, பாடகர் குழுவுக்கு நாலு, கீபோர்டுக்காரர் பக்கத்தில் ஒன்று என்று எல்லாவற்றையும் திறந்தே வைத்திருப்போம். திறந்த மைக் இரட்டிக்க இரட்டிக்க, ஊளையிடாமல் தாங்கும் அளவு 3 டெசிபெல் வீதம் குறையும். பேசாதவர் மைக்கை மூடுவதற்கு ஒரு விரல் போதும்.

இவையெல்லாம் கருவி சம்பந்தப்பட்டவை, தீர்க்கக்கூடியவை. என் உண்மையான சண்டை அடுத்ததோடு. "சத்தமாக இருந்தால்தான் ஜனம் பாடும்" என்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் ஆராதனையின் அடிமடியில் கை வைக்கிறது.

இதில் ஒரு பங்கு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். கூச்சப்படுகிறவர் தனித்துக் கேட்கப்பட விரும்பமாட்டார். ஆர்கனோ கீபோர்டோ கொஞ்சம் தாங்கிப் பிடித்தால் அவரும் வாய் திறப்பார். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதினார். ஆனால் இந்தத் துணை ஓர் எல்லைவரைதான் வரும். பாடுகிறவருக்குத் தன் குரல் தன் காதில் விழ வேண்டும், இல்லையென்றால் சுருதி பிடிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் குரலும் விழ வேண்டும், இல்லையென்றால் சேர்ந்து பாடுகிறோம் என்ற உணர்வே வராது. ஸ்பீக்கர் இந்த இரண்டையும் மூழ்கடித்த கணத்தில் பாடுவதற்கு ஒரு காரணமும் மிஞ்சுவதில்லை. நான் பாடினாலும் நிறுத்தினாலும் அறையில் எந்த மாற்றமும் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. உதடு மட்டும் அசைகிறது. இரண்டாம் சரணத்தில் அதுவும் நிற்கிறது. பிறகு கை தட்டுகிறோம், திரையைப் பார்க்கிறோம், சிலர் போனைப் பார்க்கிறார்கள்.

மேடையில் இருப்பவர் அப்போது என்ன செய்கிறார்? ஜனம் பாடவில்லை, அனல் இல்லை என்று கண்டுகொண்டு, மிக்சர் பக்கம் பார்த்துக் கையை மேலே தூக்கிக் காட்டுகிறார்.

கச்சேரிக்கும் ஆராதனைக்கும் ஒலியமைப்பில் உள்ள வேறுபாடு அளவில் இல்லை, வேலையில் இருக்கிறது. கச்சேரிக்கு வருகிறவர் கேட்க வருகிறார். கூட்டத்தின் சலசலப்பை அமுக்கி மேடைக்காரரை மேலே கொண்டுவருவது அங்கே ஒலிப் பொறியாளரின் கடமை. ஆலயத்தில் பாடகர் யார்? பெஞ்சுகளில் நிற்கும் ஜனங்கள். மேடையில் நிற்பவர்கள் அவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்க வந்தவர்கள். அதே மிக்சர், அதே ஃபேடர்கள், ஆனால் செய்ய வேண்டிய வேலை நேர் எதிரானது. கச்சேரிக்காரரிடம் வேலை பழகிய தம்பியைக் கூட்டிவந்து மிக்சரில் உட்காரவைக்கிறோம். அவர் தனக்குத் தெரிந்ததைச் சரியாகச் செய்கிறார், நாம் ஊமையாகிறோம்.

பாட்டை ஜனங்களின் வாயில் வைப்பதற்குத் திருச்சபை எவ்வளவு பாடுபட்டிருக்கிறது என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது. 1524இல் லுத்தர் வட்டாரத்திலிருந்து வெளிவந்த முதல் பாட்டுப் புத்தகத்தில் எட்டே பாடல்கள்தாம். குருக்களும் பாடகர் குழுவும் மட்டும் பாடி வந்த வழிபாட்டில் சாதாரண ஜனம் பாடத் தொடங்கியதற்கு அந்தச் சின்னப் புத்தகம் சாட்சி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்கள் முழுமையாகவும் ஈடுபாட்டோடும் பங்கேற்பதை முதன்மையான நோக்கமாக வைத்தது. கீர்த்தனைகள் இயற்றிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். மைக் என்ற சாதனமே இல்லாத அந்தக் காலத்தில், பல்லவியைப் பாடகர் எடுத்துக்கொடுக்கக் கூடியிருப்பவர்கள் திரும்பப் பாடும் வழக்கம்தான் கீர்த்தனைகளைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுபோனது. எழுத்தறியாத பாட்டிமார்கூட அத்தனை சரணத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தது கேட்டுக் கேட்டு மட்டும் அல்ல, பாடிப் பாடி. இவ்வளவு பேர் சேர்ந்து ஜனத்துக்கு வாங்கிக்கொடுத்த குரலை ஒரு ஃபேடர் பிடுங்கிக்கொள்வதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அளந்து பார்க்க மீட்டர் தேவையில்லை. பாட்டு நடக்கும்போது நடுவரிசையில் நில்லுங்கள். உங்கள் குரலும் பக்கத்து ஆளின் குரலும் காதில் விழுகின்றனவா? விழாவிட்டால் இறக்குங்கள், விழும்வரை.

"இறக்கத்தான் நினைக்கிறோம், முடியவில்லை" என்று மிக்சரில் இருப்பவர் சொல்வார். அவரும் பொய் சொல்லவில்லை. டிரம்ஸ் அடிப்பவருக்குக் குச்சியே வால்யூம். அதன் சத்தத்தில் தன் கிதார் கேட்கவில்லை என்று கிதார்காரர் தன் ஆம்ப்ளிஃபயரை ஏற்றுவார். பாடகிக்குத் தன் குரல் கேட்கவில்லை. தன் முன்னால் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்வார். அந்த மானிட்டர்களின் முனகல் ஜனங்களுக்குக் கேட்கிறது, அதை மூடுவதற்கு மெயின் ஸ்பீக்கர் ஏறும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, ஆனால் பாடல் முடிவதற்குள் எல்லோரும் உச்சத்தில் இருக்கிறார்கள். இதை மிக்சரில் தீர்க்க முடியாது, மேடையில்தான் தீர்க்க வேண்டும். சின்ன ஆலயத்துக்கு முழு டிரம் செட் வேண்டுமா என்று கேட்கும் தைரியம் யாருக்காவது வர வேண்டும். ரிதம் பேடுக்கு வால்யூம் திருகு உண்டு. கஹோன் பெட்டியைக் கையால் மெல்லத் தட்டலாம். நம் தபேலாவும் மிருதங்கமும் எங்கே போயின என்றும் கேட்கலாம், அது வேறு கட்டுரை.

இந்த இடத்தில் வேத வசனத்தோடு வருவார்கள். 150ஆம் சங்கீதத்தில் கைத்தாளம் இருக்கிறதே, எரிகோவின் மதில் ஆர்ப்பரிப்பில்தானே விழுந்தது? பதிலுக்கு எலியா கேட்ட மெல்லிய சத்தத்தை நான் இழுக்கப்போவதில்லை, அதை எல்லோரும் இழுத்து ஓய்ந்துவிட்டார்கள். எரிகோவுக்கே வருவோம். யோசுவா 6இல் ஆர்ப்பரித்தது யார்? ஜனங்கள். எஸ்றா 3இல் ஆலயத்தின் அஸ்திபாரம் போட்ட அன்று எழுந்த சத்தம் வெகுதூரம் கேட்டது. முதல் ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் மகிழ்ந்து முழங்கினார்கள், எது அழுகை எது மகிழ்ச்சி என்று பிரிக்க முடியவில்லை. நெகேமியா 12இல் தூரத்துக்குக் கேட்ட மகிழ்ச்சியில் பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேதாகமத்தின் பெரிய சத்தங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள், திரும்பத் திரும்ப அவை கூடியிருந்த ஜனத்தின் தொண்டையிலிருந்து வருகின்றன. அந்தச் சத்தம் எனக்கும் வேண்டும். அதைத்தான் ஸ்பீக்கர் மூடுகிறது என்று இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கைத்தாளம் திறந்த பிராகாரத்தில் ஒலித்தது, தகரக் கூரைக்குக் கீழே ஒரு குழந்தையின் காதிலிருந்து மூன்றடி தள்ளி ஒலிக்கவில்லை.

"வயதானவர்களுக்குக் கேட்காதே" என்பது கருணையான வாதம்போல் தெரியும். முதுமையில் முதலில் போவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறன். உயிரொலிகளின் பலம் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. 'படி'யா 'பசி'யா என்று பிரித்துக்காட்டும் மெய்யொலிகளின் அடையாளங்கள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. மொத்த வால்யூமைக் கூட்டும்போது அவருக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த பாஸ்தான் இன்னும் பெருத்து, மிச்சமிருந்த மெய்யொலியையும் விழுங்குகிறது. அது மட்டுமா? மெல்லச் சொன்னால் "என்ன?" என்பதும், கொஞ்சம் உரக்கச் சொன்னால் "ஏன் கத்துற?" என்பதும் எந்தத் தாத்தா வீட்டிலும் நடப்பது. முதிய காதுக்குக் கேட்கும் அளவுக்கும் வலிக்கும் அளவுக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அவருக்காகத்தான் கூட்டுகிறோம் என்று சொல்லி, அவர் தாங்கமாட்டாத ஒன்றையே கூட்டுகிறோம். பேசும் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் பொத்தான் மலிவான மிக்சரிலும் இருக்கும், அதை அழுத்துவது அவருக்குச் செய்யும் முதல் உதவி. பிரிட்டனில் பல ஆலயங்களில் தரையைச் சுற்றி ஒரு கம்பிச் சுற்று போட்டிருக்கிறார்கள். செவிக்கருவியில் அதற்கான வசதியைத் திருப்பினால் மைக்கின் ஒலி நேராகக் கருவிக்குள் வந்துவிடும். நம் சபைகளில் நன்கொடை கொடுக்கும் முதியவர்கள் தங்களுக்காகவே இதைக் கேட்டு வாங்கலாம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு, அதை அவர்கள் சொல்வதே அபூர்வம். நம் ஆலயங்களில் மின்விசிறிகள் ஓடுகின்றன, ஜன்னல் திறந்திருக்கிறது, வெளியே பஸ் ஹாரன். குளிர்நாட்டு ஆலயத்தின் அமைதி நமக்குக் கிடையாது. சரி, கணக்குப் போடுவோம். விசிறியும் தெருவும் சேர்ந்து 60 டெசிபெல் என்று வையுங்கள். பேச்சு தெளிவாகக் கேட்க அதைவிட 15 டெசிபெல் மேலே இருந்தால் போதும். 60உம் 15உம் 75. அங்கிருந்து 95க்கு யார் ஏணி வைத்தார்கள்?

அந்த ஏணியின் மேல்படியில் நடப்பது என்ன என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் வேலையிடத்துக்கு வைத்துள்ள பரிந்துரை 85 டெசிபெல், 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 94க்கு 1 மணி நேரம், 100க்கு 15 நிமிடம். மூன்று மணி நேர ஆராதனைக்கு இந்தக் கணக்கில் சுமார் 89க்கு மேல் இடமில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இசை அரங்குகளுக்கு வகுத்த தரம் 100 டெசிபெலை உச்சவரம்பாக வைக்கிறது. அதோடு ஒலியை அளந்துகொண்டே இருக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும், காது ஓய்ந்திருக்க அமைதியான இடம் வேண்டும் என்கிறது. நடனக் கூடத்துக்கு வருகிறவருக்கு இவ்வளவு பாதுகாப்பு. தாயின் மடியில் சப் ஊஃபருக்கு முன்னால் தூங்கும் கைக்குழந்தைக்கு நம் சபையில் என்ன இருக்கிறது? போனில் ஒரு டெசிபெல் செயலியை இறக்கி அடுத்த ஞாயிறு அந்தப் பெஞ்சில் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் 80ஐயும் 100ஐயும் குழப்பாது.

எக்கோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெபம் தொடங்கியதும் எக்கோவைத் திருகும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஏற்கெனவே முழங்கும் அறையில் செயற்கையாக இன்னொரு முழக்கத்தைச் சேர்த்து, ஜெபிக்கிறவரின் ஒவ்வொரு சொல்லையும் நாலாக உடைத்துப் போடுகிறோம். ஜெபத்தின் முடிவில் ஆமென் சொல்ல வேண்டியவர்களுக்கு எதற்கு ஆமென் சொல்கிறோம் என்பது தெரிய வேண்டாமா? கொரிந்து சபையிடம் பவுல் கேட்டதும் ஏறத்தாழ இதுதான். அவர் பேசியது அந்நிய பாஷையைப் பற்றி. நாம் தாய்மொழியையே எக்கோ போட்டு அந்நிய பாஷை ஆக்கியிருக்கிறோம்.

இனி மதிலுக்கு வெளியே. ஒலி மாசு (ஒழுங்குமுறை, கட்டுப்பாடு) விதிகள் 2000இல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு நம் சென்னையிலிருந்தே போனது. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு அது. சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கம் என்று சபை வாதிட்டது. பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கியோ மேளமோ வேண்டும் என்றும் சொல்லவில்லை என்ற கருத்தைச் சொல்லி நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளியது. "கோயிலில் வைக்கிறார்கள், மசூதியில் வைக்கிறார்கள், எங்களை மட்டும் ஏன்?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கலாம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக நடக்க வேண்டும்தான். ஆனால் பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி பதில் ஆகாது. அயலாரை நேசிக்கச் சொல்லும் பிரசங்கத்தை அயலார் விருப்பத்துக்கு மாறாக அவர் படுக்கையறைக்குள் அனுப்புவதில் உள்ள முரண் நம் கண்ணுக்கு ஏன் படவில்லை என்பதே என் வியப்பு. அப்படிப்பட்ட புகார் வந்ததும் அதை உபத்திரவம் என்று அறிவித்து உபவாசக் கூட்டம் போடுவது எளிது. ஜன்னலை மூடி ஃபேடரை இறக்குவது அதைவிடவும் எளிது.

கடைசியாக வரும் பயம் வாலிபரைப் பற்றியது. சத்தத்தைக் குறைத்தால் அவர்கள் அதிரும் சபையைத் தேடிப் போய்விடுவார்களாம். வாலிபர் காதில் வாரம் முழுக்க இயர்போன் இருக்கிறது. அதில் வரும் பாஸின் துல்லியத்தை எந்தத் தகரக் கூரை ஆலயமும் எட்டப்போவதில்லை. அந்தப் போட்டியில் இறங்கிய சபை முதல் ஞாயிறே தோற்றுவிட்டது. இயர்போனால் தர முடியாதது ஒன்றுண்டு. இருநூறு பேரோடு ஒரே அறையில் நின்று, தன் குரலும் அந்தக் குரலில் கலந்து போவதைக் கேட்பது. அது கிடைக்கும் இடத்தை விட்டு அவர்கள் ஓடுவார்கள் என்பதற்கு எனக்கு ஆதாரம் வேண்டும்.

மிக்சரில் உட்கார்ந்திருப்பவரும் பெரும்பாலும் ஒரு வாலிபர்தான். பாடகர் குழுவுக்குச் சனிக்கிழமை பயிற்சி உண்டு, அவருக்குக் கிடையாது. ஒன்றும் கெடாத நாளில் அவரை யாரும் நினைப்பதில்லை. மைக் ஊளையிட்டால் முழுச் சபையும் திரும்பிப் பார்க்கிறது. அவர் மேசை இருப்பதோ தூணுக்குப் பின்னால், அல்லது மேல்மாடத்தின் அடியில், சில இடங்களில் கண்ணாடி அடைத்த தனி அறையில். ஜனம் கேட்பதை அவர் கேட்க வழியில்லை. கேட்காததைத் திருத்தச் சொல்கிறோம். அடுத்த கமிட்டியில் ஸ்பீக்கர் கேட்டு யாராவது எழுந்தால், முதலில் அந்த மேசையை நடுவரிசைக்குக் கொண்டுவரும்படி ஒரு தீர்மானம் போடுங்கள். ஒரு கேபிளும் இரண்டு பெஞ்சு இடமும் செலவாகும். அந்த இரண்டு பெஞ்சை விட மனமில்லாத கமிட்டி, ஸ்பீக்கருக்கென்று காணிக்கை கேட்டு வரும்போது நான் கவரைத் திருப்பித்தான் கொடுப்பேன்.